நெய் அளக்க மறக்காதவர்கள்

செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலத்தில், மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் இருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுப் பழமை. இதுபோன்ற தமிழகப் பழங்கோயில்கள் பலவற்றில் நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிக்க ஆடுகளைக் கொடையாகக் கொடுத்தார்கள். சோழர் காலத்தில் பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், தினமும் உழக்கு என்னும் அளவு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். அடைமழையானாலும் சரி, வீட்டில் கல்யாணமானாலும் சரி, நெய் போயாக வேண்டும்.

இப்படிச் செய்ய வேண்டிய வேலையை மறக்காமல் உரிய நேரத்தில் ஞாபகம் வைப்பது மூளையின் திறமை மட்டுமல்ல. அந்த வேலைமேல் நமக்குள்ள அக்கறையும்தான். இத்தாலிய உளவியலாளர் மரியா பிராண்டிமோன்டேயும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பிறருக்கு உதவும் என்று சொல்லிக் கொடுத்த வேலையை மக்கள் கூடுதலாக நினைவில் வைத்தார்கள். அதே வேலைக்குச் சொற்பக் காசும் தருவதாகச் சொன்னபோது, நினைவு குறைந்தது! எனக்கு இதில் வியப்பில்லை. சில்லறை பேசியதும் உதவி, கூலி வேலையாகிவிடுகிறதே.

அக்கறையை வளர்ப்பது மரியாதைதான் என்பது அன்று விளக்குக்குக் கொடை கொடுத்தவர்களுக்கும் புரிந்திருக்கிறது. பல கல்வெட்டுகளின் முடிவில், இந்தத் தருமத்தைக் காப்பவரின் பாதம் தம் தலைமேல் என்று பொறித்து வைத்தார்கள்.