குடும்பக் கதை எடுக்கப் போகும் மாணவர்களுக்கு

நெல்லைக் கல்லூரிகளில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் தொடுவது குடும்பக் கதையைத்தான். அவர்களுக்காக இன்று ஒரு தகவல்.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த எழுத்தாளர் புதுமைப்பித்தன், தாயை இழந்த குழந்தைகளைப் பற்றி 'சிற்றன்னை' என்ற கதையை எழுதினார். அதிலிருந்து 1979இல் பிறந்தது 'உதிரிப்பூக்கள்' படம். எழுதி இயக்கியவர் மகேந்திரன். ஒளிப்பதிவு அசோக்குமார், படத்தொகுப்பு லெனின், இசை இளையராஜா. கதையை மகேந்திரன் வெகுவாக மாற்றினார். ஆனாலும் புதுமைப்பித்தன் பெயரை மறைக்கவில்லை. அது பெரிய நேர்மை.

படத்தில் வசனம் குறைவு. ஒரு காட்சியில் ஊரே சேர்ந்து அந்தக் குழந்தைகளின் தகப்பனை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. கரையில் அவன் பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்த இடத்தில் நடிப்பு, ஒளி, வெட்டு, இசை எதையும் தனியே பிரிக்க முடியாது. இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர் நான்கு பேரும் ஒரே கதையை மனசில் வைத்திருந்தால்தான் இப்படி அமையும்.

தம்பி, தங்கைகளே, கேமராவை வாடகைக்கு எடுக்கும் முன் உங்கள் குழுவில் எல்லாரும் 'சிற்றன்னை'யைப் படியுங்கள். பிறகு கூடி உட்கார்ந்து 'உதிரிப்பூக்கள்' பாருங்கள். உங்கள் படத்தில் மைக் பிடித்தவர் வரை அத்தனை பேரின் பெயரையும் திரையில் போடுங்கள்.