முட்டுச்சந்துக்காக ஒரு சட்டம்

முட்டுச்சந்துன்னா நமக்கு வண்டி திருப்ப முடியாத தலைவலி. ஆனா லண்டன்ல முட்டுச்சந்து அமைக்கவும் வழி பண்ணி, 1906-ல் பார்லிமென்ட்டில் ஒரு தனிச் சட்டமே போட்டாங்க. ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்புக்காக.

இதைத் தொடங்கினவங்க ஹென்ரியட்டா பார்னெட். ஏழைகள் நெருக்கியடிச்சு வாழ்ந்த ஒயிட்சேப்பலில் பல வருஷம் வேலை செஞ்சவங்க. பணக்காரரும் தொழிலாளியும் ஒரே பேட்டையில் வாழணும்ங்கிறது அவங்க ஆசை. 1907-ல் 243 ஏக்கரில் வேலை ஆரம்பமாச்சு.

திட்டம் போட்டவர் ரேமண்ட் அன்வின். அப்போதைய விதிப்படி குட்டித் தெருவுக்கும் அகலமான ரோடு போடணும். நிறைய காசு அதிலேயே போயிடும். புதுச் சட்டம் 20 அடி ரோட்டை அனுமதிச்சது. ஆனா எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே 50 அடி இடைவெளி கட்டாயம். மிச்சமான இடம் தோட்டமாச்சு. ஏக்கருக்குச் சராசரியா 8 வீடுதான். காம்பவுண்ட் சுவருக்குப் பதிலா செடிவேலி.

டிசைன் ஜெயிச்சது. அதுதான் சிக்கலும். இன்னைக்கு அது லண்டனின் விலை உயர்ந்த பகுதிகளில் ஒன்று. தொழிலாளிகளுக்குக் கட்டின சின்ன வீடும் சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாது. வீட்டின் வெளித்தோற்றத்தை மாத்த டிரஸ்ட்டோட அனுமதி வேணும். வேலி, ஜன்னல், கூரை எல்லாத்துக்கும் பாதுகாப்பு இருக்கு. வாடகைக்கு மட்டும் இல்ல.

அடுத்த தடவை அழகான டவுன்ஷிப் பிளான் ஒண்ணைப் பார்த்தா, மரம் எத்தனைன்னு கேளுங்க. அம்பது வருஷம் கழிச்சு அங்க யாரால குடியிருக்க முடியும்னும் கேளுங்க.