வழுக்காத தரை: எந்த இடத்துக்கு எந்த டைல்?

(தோட்டக் குடும்பங்களுக்கான வீட்டுப் பராமரிப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாங்கள் பேச வந்திருப்பது தரையைப் பற்றி. "தரையில என்ன இருக்கு பேசுறதுக்கு?" என்று பின்னால் இருக்கும் ஐயா சிரிக்கிறார். சிரியுங்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள். விழுந்து அடிபட்டு உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் இறந்துபோகிறார்கள். விபத்துச் சாவுகளில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் 60 வயது தாண்டியவர்களே அதிகம். பெரியம்மா ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், படுக்கையில் கிடப்பது அவர் மட்டுமல்ல. அவரைப் பார்க்க மகள் வேலைக்குப் போக மாட்டாள். பேர் போகும், ஆஸ்பத்திரிச் செலவு ஏறும், பிள்ளையின் படிப்பும் குழம்பும்.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு லயத்துக் காம்பராவில் சீமெந்துத் தரை, அல்லது மண் தரை. இப்போது பல தோட்டங்களில் தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன. இந்திய உதவியில் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். புது வீடு கிடைத்தவர்களும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் காசு அனுப்புகிறவர்களும் முதலில் ஆசைப்படுவது டைல் போடத்தான். ஆசைப்படுவதில் பிழையில்லை. கழுவ லேசு, பார்க்க வடிவு. ஆனால் கடையில் நின்று பூவையும் பளபளப்பையும் பார்க்கிற நாங்கள், "நனைஞ்சா வழுக்குமா?" என்று கேட்பதில்லை.

எங்கள் ஊரின் ஈரத்தை நினைத்துப் பாருங்கள். மழை, பனி, சேறு. கொழுந்தெடுத்துவிட்டு நனைந்த படங்கோடு வீட்டுக்குள் வருகிறோம். அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலோடு கண்ணாடி மாதிரி டைலில் வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏன் வழுக்குகிறது?

மொட்டை டயர் போட்ட பஸ் மழை ரோட்டில் இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். காலுக்கும் டைலுக்கும் நடுவில் தண்ணீர் மெல்லிய படையாக நிற்கிறது. டைல் வழவழப்பாக இருந்தால் அந்தத் தண்ணீர் ஒதுங்க இடமில்லை. கால் தரையில் படாமல் தண்ணீர் மேலேயே மிதக்கிறது. டைலில் சொரசொரப்பு இருந்தால் அந்தச் சின்ன முனைகள் தண்ணீரைத் தாண்டி வந்து காலைப் பிடிக்கும். எண்ணெயும் சவர்க்காரமும் வெறும் தண்ணீரைவிட மோசம். அவற்றுக்கு இன்னும் கூடுதலான சொரசொரப்பு வேண்டும்.

பெட்டியில் உள்ள எண்

நல்ல கம்பனி டைல் பெட்டியிலோ விபரத்தாளிலோ ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருக்கும். இது ஜேர்மனியில் இருந்து வந்த அளவு. ஒரு சரிவுப் பலகையில் டைலைப் பதித்து, எண்ணெய் ஊற்றி, சப்பாத்துப் போட்ட ஒருவரை இடுப்பில் பட்டி கட்டி அதன்மேல் நடக்க விடுவார்கள். பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பார்கள். எந்தச் சரிவில் அவர் வழுக்குகிறார் என்பதைப் பார்த்து எண் கொடுக்கிறார்கள். 6 முதல் 10 பாகைக்குள் வழுக்கினால் ஆர் 9. 10 முதல் 19 வரை ஆர் 10. 19 முதல் 27 வரை ஆர் 11. அதற்கு மேல் ஆர் 12, ஆர் 13 என்று போகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "ஆர் 9ன்னா பத்துக்கு ஒம்பது மார்க்தானே, நல்லதுதானே" என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வரிசை 9இல்தான் தொடங்குகிறது. ஆர் 9 என்பது கடைசி வாங்கு.

வெறுங்காலுக்கு வேறு சோதனை இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு நடக்க வைப்பார்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று தரம். பள்ளிக்கூட நினைப்பில் ஏ தான் முதல் தரம் என்று எடுத்துவிடக் கூடாது. இங்கே ஏ தான் குறைந்தது, சி தான் கூடியது. குளிக்கிற இடத்துக்கு பி வேண்டும்.

இன்னொரு எண்ணும் பெட்டியில் இருக்கலாம்: பி.ஈ.ஐ. 3, பி.ஈ.ஐ. 4 என்று. அது டைலின் மேல்பூச்சு எவ்வளவு தேயாமல் உழைக்கும் என்பதற்கான எண். வழுக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடைக்காரர் அதைக் காட்டி "இது ஸ்ட்ரோங்" என்றால், அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

இடத்துக்கு ஏற்ற டைல்

முன்னறை, படுக்கையறை: காய்ந்த இடம். ஆர் 9 போதும். ஆனாலும் பளபளப்பை விட்டு மங்கலான டைலாக எடுப்பது நல்லது. வாசலில் தண்ணீரை உறிஞ்சும் மிதியடி ஒன்று கட்டாயம். அந்த மிதியடியும் வழுக்கக் கூடாது.

குசினி: எண்ணெய் தெறிக்கும், தண்ணீர் சிந்தும். ஆர் 10 எடுங்கள். கொதிக்கிற சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற இடம் இது. இங்கே விழுந்தால் எலும்பு முறிவதோடு நிற்காது, உடம்பும் வெந்துபோகும்.

குளியலறை, மலசலகூடம்: ஆர் 10 அல்லது ஆர் 11, வெறுங்கால் தரம் பி. இங்கே சிறிய டைலே சிறந்தது. 4 அங்குலம், 6 அங்குலம் என்றால் இடையில் வரும் கோடுகள் அதிகம். அந்தக் கோடுகளும் காலைப் பிடிக்கும். 2 அடிக்கு 2 அடி டைல் போட்டால் தண்ணீர் ஓடும் பக்கத்துக்குச் சரிவு கொடுப்பது மேசனுக்குக் கஷ்டம், தண்ணீர் தேங்கும். அடிக்குக் கால் அங்குலம் சரிவு கேளுங்கள். வேலை முடிந்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இஸ்தோப்பு, வெளிப்படி: மழை நேரே அடிக்கும் இடம். ஆர் 11க்குக் குறைய வேண்டாம். உண்மையைச் சொன்னால் படிக்கு டைலே தேவையில்லை. சீமெந்து பூசி, காயுமுன் விளக்குமாறால் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்துவிட்டால், விலை கூடிய டைலைவிட நன்றாகப் பிடிக்கும்.

பிள்ளைக் காம்பரா: பிள்ளைகள் தவழ்ந்து விளையாடும் இடத்தில் மிகவும் சொரசொரப்பானதும் கூடாது, முழங்கால் தேய்ந்துபோகும். மங்கலான ஆர் 10 நடுநிலையானது.

அப்படியென்றால் வீடு முழுக்க ஆர் 12 போட்டுவிடலாமே என்று கேட்கலாம். வேண்டாம். சொரசொரப்பு கூடக் கூட அழுக்கும் எண்ணெயும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். துடைக்கிற அம்மாவுக்கு முதுகு போய்விடும். சரியாகக் கழுவப்படாத நல்ல டைலும் கடைசியில் வழுக்கத்தான் செய்யும்.

செலவையும் சொல்ல வேண்டும். 5 அடிக்கு 4 அடி குளியலறை என்றால் 20 சதுர அடிதான். வெட்டில் வீணாவதற்குப் பத்தில் ஒன்று கூட்டினால் 22 சதுர அடி. காசு குறைவு என்றால் முன்னறைக்கு டைல் போடுவதைத் தள்ளிவைத்து, இந்த 22 சதுர அடியை முதலில் சரியாகச் செய்யுங்கள். விருந்தாளி பார்ப்பது முன்னறையைத்தான். ஆனால் ஆச்சி இருட்டில் எழும்பிப் போவது குளியலறைக்கு.

மலிவாகக் கிடைக்கிறது என்று சுவர் டைலை வாங்கித் தரையில் போடாதீர்கள். அது மெல்லியது, வழவழப்பானது. வழுக்குவதோடு வெடித்தும் போகும்.

எண் இல்லாவிட்டால்?

மிச்ச டைல், பெட்டியில்லாத டைல் வாங்கும்போது எண் இருக்காது. அப்போது ஒரு சின்னச் சோதனை. இரண்டு வகை டைலில் ஒவ்வொன்றைக் கேட்டு வாங்குங்கள். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே ரப்பர் செருப்பை, அதன்மேல் ஒரு கிலோ சீனிப் பொதியைக் கட்டி, டைலில் வையுங்கள். டைலின் ஒரு பக்கத்தை மெதுவாக உயர்த்துங்கள். எதில் செருப்பு முதலில் வழுக்கி இறங்குகிறதோ அதை விட்டுவிடுங்கள். எண் சொல்லும் அளவுக்கு இது துல்லியமில்லை. ஆனால் இரண்டில் எது மேல் என்று காட்டிவிடும். டைல் மேல் ஏறி நின்று சோதிக்க வேண்டாம்.

டைல் போடாத வீடுகளுக்கு

இன்னும் லயத்தில் இருக்கிறவர்கள்தான் நிறையப் பேர். உங்களுக்கும் செய்யக்கூடியது உண்டு. சிவப்புப் பொலிஷை இஸ்தோப்பிலும் குளிக்கும் இடத்திலும் பூசாதீர்கள். சீமெந்து திரும்பப் பூசும்போது இரும்புக் கரண்டியால் வழித்துப் பளபளப்பாக்காமல் மரப்பலகையால் தேய்த்து விடச் சொல்லுங்கள். அதற்குமுன் தோட்ட அலுவலகத்தில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். பாசி பிடித்த படியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். ஆனால் மலசலகூடம் கழுவும் அசிட்டை அதோடு ஒருபோதும் கலக்காதீர்கள்; நச்சுப் புகை வரும்.

குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு பைப் கம்பி, வழியில் ஒரு பல்ப், தேயாத செருப்பு. இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் வயதில் மூத்தவரிடம், கர்ப்பிணி இருந்தால் அவரிடமும், "எந்த இடத்துல கால் வைக்கப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். அவர் காட்டுகிற இடத்தை முதலில் திருத்துங்கள்.

மழை பெய்கிறது, படியில் பார்த்து இறங்குங்கள்.