குரல் யாருடையது, உரிமை யாருடையது?

கறுப்பர் சுயேச்சையா எடுத்த இரண்டு அமெரிக்கப் படங்களைச் சொல்றேன்.

சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’, பல்கலைக்கழகப் பட்டத்துக்காகப் பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்தது. ஆடு வெட்டும் தொழிற்சாலையில் உழைக்கும் கறுப்பரின் வாழ்க்கை. 1981 பெர்லின் விழாவில் விமர்சகர் பரிசு வாங்கியது. ஆனா தியேட்டருக்கு வந்தது 2007லதான். காரணம், பால் ராப்சன், டைனா வாஷிங்டன் போன்றோர் பாட்டுகளுக்கு உரிமைப் பணம் கட்ட முடியல. தன் சனத்தோட பாட்டுக்கே காசு!

ஜூலி டாஷின் 1982 குறும்படம் ‘இல்யூஷன்ஸ்’. அதில் வெள்ளை நடிகையின் வாயசைப்புக்குக் கறுப்புப் பெண் மறைவில் நின்று பாடுகிறாள். குரல் இவளுது, திரையில் முகம் அவளுது.

விழாவில் கைதட்டு கிடைக்கும். அது போதாது. படமெடுக்கும் நாம், பாட்டும் பிரதியும் யார் கையில் என்றும் கேட்கணும்.