பம்பாய் முஸாபர்கானா நமக்குச் சொல்லும் பாடம்
(அறக்கட்டளைப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



நம் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன. அவற்றைக் கிடங்காக வாடகைக்கு விடுவதா, வெளியூரார் தங்க ஒதுக்குவதா என்று இன்று முடிவெடுக்க இருக்கிறோம். அதற்கு முன் பம்பாய்த் துறைமுகத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்தில் நம் நாட்டின் பெரிய வாசல் பம்பாய்தான். தெற்கிலிருந்து போனவர்கள் பலர் ரயிலேறி அங்கே போய்க் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். காத்திருக்கும் நாள் கூடக்கூட வழிச்செலவுக்கு வைத்த பணம் கரையும். பாஷை தெரியாதவர்களைத் தரகர்கள் ஏமாற்றினார்கள். அதைச் சீர்செய்ய 1886இல் அரசு, தாமஸ் குக் நிறுவனத்திடம் பயண ஏற்பாட்டை ஒப்படைத்தது. அதுவும் சில ஆண்டுகளே நீடித்தது.

ஹாஜிகளுக்குத் தலைசாய்க்க இடம் கொடுத்தது சமுதாயம். வசதி படைத்த வணிகர்கள் சொத்தை வக்ஃபாக்கி முஸாபர்கானாக்களை எழுப்பினார்கள். கிராஃபோர்டு மார்க்கெட் அருகே உள்ள சாபூ சித்தீக் முஸாபர்கானா, கச்சி மேமன் வணிகர் ஒருவரின் பெயரால் விளங்குவது. ஹஜ் கமிட்டியின் அலுவலகமும் பல காலம் அங்கேதான் இயங்கியது. அங்கே ஆடம்பரம் எதிர்பார்த்து யாரும் போகவில்லை. பாய் விரிக்க இடம், ஒளுச் செய்யத் தண்ணீர், கப்பல் எப்போது என்று விசாரித்துச் சொல்ல ஒரு மனிதர். அந்நிய ஊரில் அதுவே பெரிய ஆறுதல்.

1995உடன் ஹஜ் கப்பல் நின்றது. பயணி மட்டும் நிற்கவில்லை. சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் ஸகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரைச் சொல்கிறது. அவர்களில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் செல்வந்தராக இருந்தாலும் வழியில் கையற்று நின்றால் அவருக்கும் உரிமை உண்டு.

இன்றைய வழிப்போக்கர் யார்? நோயாளியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் துண்டு விரித்துப் படுக்கும் தாயும் தகப்பனும்தான். கிடங்கு வாடகை மாதா மாதம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வராந்தாவுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

எனவே எங்கள் கோரிக்கை இது: ஓர் அறை ஆண்களுக்கு, ஓர் அறை பெண்களுக்கு. எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டாம். காலையில் தேநீரும் நான்கு இட்லியும் கொடுப்போம். ஓராண்டு நடத்திப் பார்த்துக் கணக்கை இதே சபையில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.