இயக்கவும் அணைக்கவும்: கைப்பேசியும் வீட்டுத்தமிழும்

 

கைப்பேசியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். ஓர் அணியினர் அதனைத் தமிழின் புதுவாழ்வு என்பர். மற்றோர் அணியினர் பிள்ளைகளைப் பிடிக்க வந்த பேய் என்பர். நாம் இவ்விரண்டிலும் சேரவில்லை. மொழியியல் பயின்றோர்க்கு இங்கே கேட்கத் தோன்றும் வினா ஒன்றே. இக்கருவி கையில் இருக்கும்போது, ஒருவர் சொன்னதற்கு மற்றொருவர் தமிழில் மறுமொழி சொல்கிறாரா, இல்லையா? சொல்கிறார் எனில் அதனை இயக்குவோம். இல்லை எனில் அணைப்போம். இன்றைய உரை இவ்வளவையே விரித்துரைக்கும்.

முதலில் நம் நிலையைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். பத்தாண்டுக்கு முன் அது 3.3 விழுக்காடாக இருந்தது. அதே காலத்தில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தனர். இதற்காகக் கைப்பேசியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையன்று. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. அலுவலகத்திலும் ஆங்கிலம், மின்தூக்கியில் அண்டைவீட்டாரைக் கண்டாலும் ஆங்கிலம். திறன்பேசி வந்ததோ அதற்கு நெடுநாள் பின்னர். ஆயினும், வேலைக்குச் செல்லும் பெற்றோர் வாழும் வீட்டில் தமிழுக்கென எஞ்சியிருப்பது மாலை ஏழு முதல் பத்து வரையிலான மூன்று மணிநேரமே என்றால், அம்மூன்று மணிநேரத்தில் நம் கை எதைப் பிடித்திருக்கிறது என்பது சிறிய வினா அன்று.

நன்றி சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம். தமிழ் இணையத்தில் ஏறிய வரலாற்றில் இத்தீவுக்குத் தனியிடம் உண்டு. எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அவர்களின் உழைப்பால், 1995ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் இடம்பெற்றன. தமிழும் அவற்றுள் ஒன்று. 1997இல் தமிழ் இணையம் பற்றிய முதல் மாநாடு இங்கேதான் கூடியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் அவர்கள் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி என்பது பலருக்கு அன்றுதான் கைகூடியது. இன்று புதிய கைப்பேசியை வாங்கும்போதே தமிழ் விசைமுகமும் உடன் வருகின்றது. அமைப்புகள் பகுதியில் அதனைத் தேர்ந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாதவர் நம்முள் மிகப் பலர்.

விசைமுகத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச இசைவு தரவேண்டும். நம் துறைக்கு அது இனிப்பான பொருள். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் விசைமுகம் பிறந்தது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளுக்கு விசைகள். அவற்றைக்கொண்டு 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். கணினியில் உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். இதில் வியப்புக்குரியது புள்ளி வைக்கும் முறை. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டுகள் போதும். ஒரே மெய் இருமுறை அடுத்துவந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'தங்கம்' என எழுதும்போது ங்-க்குப் பின் க வருவதைக் கண்டு, அங்கும் புள்ளி தானே விழும். இறுதியில் உள்ள மகர மெய்க்கு மட்டும் நாம் புள்ளி இடவேண்டும். இது என்ன? எந்த மெய் எந்த மெய்யோடு சேர்ந்து வரும் என்று தொல்காப்பியர் வகுத்த மெய்ம்மயக்கத்தின் ஒரு பகுதி, கண்ணாடித் திரைக்குள் வேலை செய்கின்றது. 'மமதை' போன்ற சொல்லுக்கு இவ்விதி இடறும். அங்கே இரண்டு மகரங்களுக்கு இடையே அகர விசையைத் தட்டினால் புள்ளி விழாது. விதியும் உண்டு, விதிவிலக்கும் உண்டு. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒருமுறை காட்டிப் பார்க்கலாம்.

உரோமன் எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் முறையையும் பலர் விரும்புகின்றனர். அவசரத்துக்கு அது நன்று. ஆனால் பல்லியும் பள்ளியும் அதில் ஒரே தட்டில் பிறக்கின்றன. கருவி இரண்டையும் நீட்டும். பிள்ளை ஒன்றைத் தொடும். லகரமா ளகரமா என்று நினைவிலிருந்து எழுதுவதும், காட்டியவற்றுள் ஒன்றைத் தேர்வதும் ஒரே பயிற்சி ஆகா. வளர்ந்தவர் எப்படியும் எழுதிக்கொள்ளட்டும். தொடக்கநிலை மாணவர்க்குத் தமிழ் விசைகளையே பழக்குவது நன்று என்பது நம் கருத்து.

இங்கு நம்மிடம் அடிக்கடி வரும் முறையீடு ஒன்றைத் தொட்டுச் செல்வோம். "வாட்ஸ்அப்பில் இளையர்கள் பேச்சுத்தமிழையே எழுதுகிறார்கள், தமிழ் கெடுகிறது" என்பது அது. நமக்கு அந்த அச்சம் இல்லை. தமிழ் இரட்டை வழக்கு மொழி. பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் என்பதை 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் மறுஆய்வுக் குழுவும் வலியுறுத்தியது. 'நேத்து ஏன் வரல?' என்று தமிழ் எழுத்தில் ஒரு பிள்ளை தோழனைக் கேட்டால், அங்கே தமிழ் உயிரோடு இருக்கின்றது. தோழன் மறுமொழியும் எழுதுவான். நாள்தோறும் காலையில் ஒரு மலர்ப்படத்தோடு 'இனிய காலை வணக்கம்' என்று இருநூறு பேர் கொண்ட குழுவுக்கு அனுப்புகின்றோமே, அதில்தான் தமிழ் இல்லை. எவரோ எழுதியதை விரலால் தள்ளிவிடுகின்றோம். பெறுபவரும் படிக்காமலே கைகுவித்த படம் ஒன்றை அனுப்புகின்றார். வாக்கியம் எதுவும் பிறக்கவில்லை.

இனி உரையின் நடுப்பொருளுக்கு வருவோம். குழந்தை மொழியைப் பெறுவது எவ்வாறு? 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ரிசியா கூல் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழியைக் கேட்பித்தனர். ஒவ்வொன்றும் 25 நிமிடமாக 12 அமர்வுகள். ஒரு பிரிவினர்க்குச் சீனமொழியாளர் நேரில் அமர்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்துப் பேசினார். மற்றப் பிரிவினர்க்கு அதே பேச்சு காணொளியாகவும் வெறும் ஒலியாகவும் தரப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தனர். காணொளி பார்த்தவர்கள் சீனமொழியே கேளாத குழந்தைகளைவிட எவ்வகையிலும் மேம்படவில்லை.

நம் வீட்டுக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். பத்து, பட்டு என்னும் இரண்டு சொற்களுள் த், ட் வேறுபாடு தமிழுக்கு உயிர்நாடி. ஆங்கிலம் அந்த வேறுபாட்டைத் தமிழ் காப்பதுபோல் காப்பதில்லை. பிள்ளைக்குத் தமிழ் வரட்டும் என்று தமிழ்ப்பாட்டுக் காணொளியை ஓடவிட்டு, அதன் எதிரே குழந்தையை உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகும் பெற்றோரின் எண்ணம் நல்ல எண்ணந்தான். ஆனால் திரையில் பாடும் யானை குழந்தையின் கண்ணைப் பார்ப்பதில்லை. குழந்தை "ஆனை" என்றால், "ஆமாண்டா கண்ணா, யானை!" என்று அது திரும்பச் சொல்வதில்லை.

அப்படியானால் திரை முழுவதும் தீதா? அன்று. 2014இல் ரோஸ்பெரி, ஹர்ஷ்-பாசெக், கோலிங்காஃப் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. இரண்டு வயதையொட்டிய குழந்தைகள் புதிய வினைச்சொற்களை நேரில் கற்றதுபோலவே நேரலைக் காணொளி அழைப்பிலும் கற்றனர். வேறொரு குழந்தையோடு நடந்த அழைப்பின் பதிவைப் பார்த்தபோது கற்கவில்லை. திரை ஒன்றே, வேறுபாடு மறுமொழியில் இருக்கின்றது. ஆகவே ஈப்போவிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் அப்பத்தா காணொளி அழைப்பில் வந்து, "சாப்டியா? என்ன சாப்ட?" என்று கேட்டுக் காத்திருந்தால், அது திரைநேரக் கணக்கில் சேரவேண்டியதன்று, தமிழ்ப்பாடக் கணக்கில் சேரவேண்டியது. நம் சுகாதார அமைச்சு 2025ஆம் ஆண்டு அறிவித்த வழிகாட்டியும் 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டா என்று கூறி, உரையாடும் காணொளி அழைப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றது. 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் நீங்கலாக, நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்துக்கும் குறைவு என்பது அதன் அளவு.

இவ்வளவும் பிள்ளைகளின் திரையைப் பற்றியது. பெற்றோரின் திரைக்கு இத்தகைய அளவு எதனையும் எவரும் விதிக்கவில்லை. நம் கவலை அதில்தான் மிகுதி. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், தாய்மார் தம் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு புதுச்சொற்களைக் கற்பித்தனர். ஒரு சொல்லைக் கற்பிக்கும்போது இடையே கைப்பேசி அழைப்பு வருமாறு ஆய்வாளர் செய்திருந்தனர். இரு சொற்களையும் தாயார் சொன்ன எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. குழந்தைகள் இடையீடின்றிக் கற்பித்த சொல்லைக் கற்றனர். அழைப்பால் அறுபட்ட சொல்லைக் கற்கவில்லை.

வீவக வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு இப்போது வாருங்கள். பள்ளியில் நடந்ததைப் பிள்ளை தமிழில் சொல்லத் தொடங்குகின்றான். 'டீச்சர் இன்னிக்கு...' என்று தொடங்கி, வினைமுற்று கிடைக்காமல் தடுமாறுகின்றான். அவ்விடத்தில் தந்தை, "திட்டுனாங்களா?" என்று ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தால், "இல்ல, சிரிச்சாங்க" என்று வாக்கியம் முடிந்துவிடும். தந்தை கைப்பேசியைப் பார்த்தபடி "ம்ம்..." என்கிறார். தமிழில் 'ம்' கொட்டுவது கதைகேட்பவரின் கடமை. ஆனால் கதையில் மனம் வைத்துக் கொட்டும் 'ம்' வேறு; திரையில் கண்வைத்துக் கொட்டும் 'ம்' வேறு. வேறுபாடு பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அவன் எஞ்சியதை ஆங்கிலத்தில் விரைந்து முடித்துவிட்டு எழுந்துபோகின்றான். இப்படி ஒவ்வொரு மாலையிலும் அறுபடும் வாக்கியங்களைக் கணக்கெடுப்பு அதிகாரி எண்ணுவதில்லை. பத்தாண்டு கழித்து வரும் விழுக்காட்டில் அவை தெரியவரும்.

எப்போது அணைப்பது என்பதற்கு ஆகவே நாளெல்லாம் துறவு தேவையில்லை. அறிவிப்புகளைப் பகலெல்லாம் ஒவ்வொன்றாக வரவிடாமல், குழுச் செய்திகளின் ஒலியை நிறுத்திவிட்டு, மதியம் ஒருமுறையும் இரவு ஒருமுறையும் நாமே சென்று பார்க்கலாம். பல குழுச் செய்திகள் அதற்குள் பழையனவாகி, மறுமொழி தேவைப்படாமலே போய்விடும்! தொந்தரவு செய்யாத நிலையைக் கைப்பேசியிலேயே நேரம் குறித்து வைக்கலாம். முதிய பெற்றோர், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் அழைப்பு மட்டும் வருமாறு விலக்கு அளிக்கும் வசதியும் உண்டு. "அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது?" என்பார்க்கு அதுவே விடை. உணவுநேரத்திலும் உறங்குமுன் ஒரு மணிநேரமும் கருவி வேறோர் அறையில் மின்னேற்றம் பெறட்டும். முறைமாற்றுப் பணியாளர்க்கு இந்நேரங்கள் ஒத்துவரா. அவர்களுக்கு வாரத்தில் இரண்டு வேளை கிடைத்தாலும் போதும். தட்டச்சு வராத தாத்தாவுக்குக் குரல்பதிவு அனுப்பும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்தலாம். தாத்தாவின் மறுமொழி சற்றுத் தாமதமாக வரும். ஆனால் பிள்ளை பேசியதற்கே வரும்.

இவ்வுரையில் கூறியவற்றை மறுப்போரும் அவையில் இருக்கலாம். பதின்ம வயதினரின் பெற்றோர்க்கு இது எளிதன்று என்பதை நாமும் அறிவோம். கேள்விநேரத்தில் அதனைப் பேசுவோம். அதன்பின் தமிழ்99 விசைமுகத்தைப் பொருத்திக்கொள்ள விரும்புவோர் கைப்பேசியோடு மேடைக்கு அருகே வரலாம். மற்றவர்களுக்கு வெளிக்கூடத்தில் தேநீர் காத்திருக்கின்றது. அங்கே அதனைப் பையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரோடு தமிழில் பேசலாம்.