தண்டவாளத்தை ஒட்டி வந்த செல்போன்



செல்போன் கம்பெனிகளின் போட்டி என்றால் கட்டணக் குறைப்பும் இலவச டேட்டாவும்தான் நம் நினைவுக்கு வரும். வங்கதேசத்தில் கிராமீன்போன் என்ற தனியார் நிறுவனம் தொழிலில் இறங்கியபோது, அதற்குப் பெரிய தலைவலி எதிர்க்கடைக்காரர் அல்ல. அரசுத் தொலைபேசி வாரியம்தான்.

கிராமீன்போன் சேவையைத் தொடங்கியது 1997 மார்ச் 26, அந்நாட்டின் சுதந்திர தினத்தன்று. நூறு பேருக்கு ஒரு போன்கூட இல்லாத காலம். 1993 முதல் சிட்டிசெல் என்ற கம்பெனி மட்டும் மொபைல் சேவை நடத்திவந்தது. அது வசதி படைத்தவர்களுக்கானது. ஏழைகளும் போனுக்குக் காசு கொடுப்பார்கள் என்று நம்பியவர், அமெரிக்காவில் முதலீட்டுத் துறையில் இருந்த இக்பால் காதிர். நார்வேயின் தொலைபேசி நிறுவனமான டெலிநாரையும், கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸின் கிராமீன் அமைப்பையும் இதில் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

கோபுரம் நட்டுவிடலாம். ஓர் ஊர்ப் பேச்சை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக நெடுந்தூர லைன் வேண்டுமே? வங்கதேச ரயில்வே, நார்வே உதவியோடு தண்டவாளத்தை ஒட்டிக் கண்ணாடியிழைக் கேபிள் பதித்திருந்தது. ரயில் போக்குவரத்துக்கு அதில் கொஞ்சம் போதும். மிச்சம் சும்மா கிடந்தது. வாரியத்தை எதிர்பார்க்காமல் கிராமீன்போன் அதைக் குத்தகைக்கு எடுத்தது. என்னைக் கேட்டால், அந்தக் கம்பெனி செய்த கெட்டிக்காரத்தனமான காரியம் இதுதான். விளம்பரத்தில் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த முட்டுக்கட்டை லேண்ட்லைன். மொபைலிலிருந்து வீட்டுப் போனுக்குப் பேச வேண்டுமானால் வாரியத்தின் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போகவேண்டும். வாரியம் கொடுத்த இணைப்புகளோ சொற்பம். எப்போதும் நெரிசல். காத்துக் கிடந்து என்ன பயன் என்று, மொபைலுக்கு மொபைல் மட்டும் பேசக்கூடிய இணைப்பையே கிராமீன்போன் விற்க ஆரம்பித்தது. லேண்ட்லைனுக்குப் போகாத போனை யார் வாங்குவார் என்று தோன்றும். வாங்கினார்கள்! மொபைல் பெருகப் பெருக, லேண்ட்லைனைக் கூப்பிடும் தேவையே குறைந்துபோனது. வாரியம் பிடித்துவைத்திருந்த பிடி அப்படித்தான் தளர்ந்தது.

கிராமத்துக் கதை வேறு. அங்கே பெண்கள் கிராமீன் வங்கியில் கடன் எடுத்துப் போன் வாங்கினார்கள். அக்கம்பக்கத்தாருக்கு நிமிடக் கணக்கில் பேசக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனின் குரலைக் கேட்கத் தாய்மார்கள் அந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும். உலகமே மெச்சிய திட்டம் இது. ஆனால் 2005-ல் எகிப்தின் ஓராஸ்காம் நிறுவனம், பங்களாலிங்க் என்ற பெயரில் களமிறங்கி விலையை உடைத்தது. அரசும் தன் பங்குக்கு டெலிடாக் என்ற மொபைல் நிறுவனத்தைக் கொண்டுவந்தது. போட்டி முற்ற, கட்டணம் சரிந்தது. கைபேசி வீட்டுக்கு வீடு வந்தது. அதன்பின் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காசு கொடுத்துப் பேச யார் வருவார்? மலிவு விலையால் நாடே லாபம் பார்த்தபோது, அந்தப் பெண்களின் வருமானம் மட்டும் சுருங்கியது.

முன்னால் வந்த சிட்டிசெல்லும் தாக்குப்பிடிக்கவில்லை. பாக்கித்தொகை ஏறிப்போய், 2016-ல் அதன் அலைவரிசையை அரசு நிறுத்தியது. கிராமீன்போன் இன்றும் அந்நாட்டின் மிகப்பெரிய மொபைல் நிறுவனம்; பெரும்பங்கு டெலிநாரிடம்.